நில் ட்யூப்

போன அக்டோபர்ல காலை லோக்கல்ல வந்து வேப்பம்பட்டுல இறங்கினவங்கள்ல நீங்களும் ஒருத்தரா இருந்தா, என்னைப் பார்த்திருப்பீங்க. எதிர்ப்பக்கம், சென்ட்ரல் போற ப்ளாட்ஃபார்ம்ல, மடியில ஒரு தெர்மாகோல் பெட்டியை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த பொண்ணு நான்தான். பக்கத்துல இருந்த ஒரு அக்கா "இன்னா மீனும்மா?"ன்னு கேட்டாங்க. புரோட்டீன்னு சொன்னேன். "அதான், மீன்லதான் புரோட்டீன் அதிகம்"னு சொல்லிட்டு ட்ரெயின் ஏறிட்டாங்க.

பெட்டிக்குள்ள ஐஸ், நாங்களே கலக்கின பஃபர் ரெண்டு பாட்டில், அப்புறம் விரல் நகம் அளவுல ஒரு ட்யூப். அந்த ட்யூப்ல இருந்தது இன்டர்ஃபெரான் காமா. ஹ்யூமன், ரீகாம்பினன்ட். மொத்தமா வாங்கினது 20 மைக்ரோகிராம். பொடி உப்புல ஒரே ஒரு துகளை எடுத்தாலும் அது இதைவிட கனமா இருக்கும். விலை சுமார் 20,000 ரூபாய். டீம்ல நாலு பேர், ஆளுக்கு 5,000. என் 5,000 அப்பா காக்களூர் எஸ்டேட்ல ரெண்டு வாரம் ஓவர்டைம் பார்த்த காசு. "என்னம்மா இது, தங்கமா?"ன்னு கேட்டார். தங்கம் இதுக்குப் பக்கத்துலகூட வராது, கணக்கு போட்டுப் பாருங்க.

கூரியர் வந்த அன்னிக்கு டீம்ல ஒருத்தன் குப்பியை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு "டேய், காலி பாட்டிலை அனுப்பிட்டானுங்க"ன்னு கத்தினான். அப்படித்தான் தெரியும். உறைய வெச்சு உலர்த்தின பவுடர், கண்ணாடிச் சுவர்ல எங்கயோ படலமா ஒட்டிக்கிட்டு இருக்கும். திறக்கறதுக்கு முன்னாடி சென்ட்ரிஃப்யூஜ்ல ஒரு சுத்து சுத்தி அடியில இறக்கணும். வோர்டெக்ஸ் பண்ணக் கூடாது. கரைச்சதும் சின்னச் சின்ன ட்யூப்ல பிரிச்சு வெச்சுடணும், ஏன்னா ஒவ்வொரு தடவை உறைஞ்சு உருகும்போதும் கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகும். ரொம்ப நீர்த்துப்போனா பிளாஸ்டிக் சுவர்லயே ஒட்டிக்கும், அதனால துணைக்கு வேற ஒரு மலிவான புரோட்டீனைக் கலந்து விடணும். கல்யாண வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி, அவ்வளவு கவனிப்பு. பத்து ட்யூபா பிரிச்சோம்.

இதெல்லாம் ஏன் வாங்கினோம்னு சொல்லணும்னா, இதுவரைக்கும் ஹாஸ்டல்ல யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணை முதல்ல சொல்லணும்.

மூணாவது வருஷம் எங்க சித்தப்பாவுக்கு டி.பி. வந்துச்சு. ஒரே வீடு, ஒரே ஹால். வீட்ல எல்லாருக்கும் எக்ஸ்ரே, சிலருக்கு ரத்த டெஸ்ட். எனக்கு எக்ஸ்ரே சுத்தம். ரத்தம் பாசிட்டிவ். அதாவது கிருமி உள்ள வந்திருக்கு, ஆனா தூங்குது. நோய் இல்ல, யாருக்கும் பரவாது. இப்படி கிருமியைத் தூங்க வெச்சுக்கிட்டு நடமாடுறவங்க நம்ம நாட்டுல கொஞ்சநஞ்சம் இல்ல. 2019-21ல எடுத்த தேசிய சர்வேயில 15 வயசுக்கு மேல இருக்கறவங்கள்ல சுமார் 31 சதவீதம். உங்க க்ளாஸ்ல 60 பேர்னா நீங்களே பெருக்கிக்கோங்க. இது தெரிஞ்சும் நான் யார்கிட்டயும் சொல்லல. வாரத்துக்கு ஒரு தடவைன்னு பன்னெண்டு வாரம் மாத்திரை போட்டேன். மாத்திரை போடற அன்னிக்கு யூரின் ஆரஞ்சு கலர்ல போகும். ரூம்மேட் கேட்டா என்ன சொல்றதுன்னு ஒரு பொய் ரெடியா வெச்சிருந்தேன். நல்லவேளை அவ கேட்கல.

அந்த ரிப்போர்ட்டை நான் எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு தெரியாது. அதுல 1.84னு ஒரு எண். கட்-ஆஃப் 0.35. யூனிட்டுக்குப் பக்கத்துல ஒரு பேர்: இன்டர்ஃபெரான் காமா. செகண்ட் இயர் இம்யூனாலஜில ரெண்டு மார்க் கேள்வியா படிச்சுட்டு மறந்த பேர்.

அதை இப்ப எனக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொல்றேன். (பத்தாவது வரைக்கும் தமிழ்னா எனக்கு மனப்பாடப் பாட்டும் மொட்டைக் கடுதாசி மாதிரி ஒரு கட்டுரையும்தான். எடிட்டர் கண்ணா, தப்பு இருந்தா திருத்திக்கோ.) நுரையீரலுக்குள்ள டி.பி. கிருமி போனா, மேக்ரோஃபேஜ்னு ஒரு செல் அதை முழுங்கும். முழுங்கும், ஆனா செரிக்கத் தெரியாது. கிருமி அந்த வயித்துக்குள்ளயே வாடகை இல்லாம குடியிருக்கும். அந்தக் கிருமியை முன்னாடி பார்த்து ஞாபகம் வெச்சிருக்கிற டி-செல் ஒண்ணு வந்து, ஒரு புரோட்டீனை வெளிய விடும். அதுதான் இன்டர்ஃபெரான் காமா. அது மேக்ரோஃபேஜ் மேல இருக்கிற ரிசெப்டர்ல போய் உட்கார்ந்ததும், "இப்ப செரி"ன்னு உத்தரவு போன மாதிரி உள்ள அமிலம் கூடும், கிருமியைக் கொல்லும் ரசாயனங்கள் உற்பத்தியாகும்.

இந்த உத்தரவு போய்ச் சேரலைன்னா என்ன ஆகும்? 1996ல ரெண்டு ஆய்வுகள் வந்துச்சு. ஒண்ணு மால்டா தீவுல சொந்தக்காரக் குழந்தைகள், இன்னொண்ணு துனீசியாவுல ஒரு குழந்தை. அவங்க உடம்பு இன்டர்ஃபெரான் காமாவைச் செஞ்சுது. ஆனா அதைக் கேட்கிற ரிசெப்டர்லதான் பிறவிக் கோளாறு. சாதாரணமா யாரையும் ஒண்ணும் பண்ணாத, மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்கிற மைக்கோபாக்டீரியாவும், தடுப்பூசியில இருக்கிற பி.சி.ஜி.யுமே அந்தக் குழந்தைகள்ல சிலரைக் கொன்னுருக்கு. சொல்ற வாய் நல்லா இருந்து கேட்கிற காது இல்லாமப் போன கேஸ். இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி எங்க தலையிலயே விழும்.

என்னோட டெஸ்ட் எப்படி வேலை செய்யுதுன்னா, ரத்தத்தை சில ட்யூப்ல பிடிக்கறாங்க. ஒண்ணுல டி.பி. கிருமியோட புரோட்டீன் துண்டுகள். பி.சி.ஜி. ஊசியில அந்தத் துண்டுகள் கிடையாது, அதனால சின்ன வயசுல போட்ட ஊசி குழப்பாது. ஒரு ராத்திரி 37 டிகிரியில வெச்சா, அந்தக் கிருமியைத் தெரிஞ்ச டி-செல் ரத்தத்துல இருந்தா இன்டர்ஃபெரான் காமாவை விடும். எவ்வளவு விட்டுச்சுன்னு அளக்கணும். அளக்க ஒரு அளவுகோல் வேணும் இல்லையா? கிட்டுக்குள்ள உலர்த்தின ரீகாம்பினன்ட் ஹ்யூமன் இன்டர்ஃபெரான் காமா வருது, அதுதான் படி. 1982ல ஜெனென்டெக் ஆட்கள் அந்த மனித ஜீனை எடுத்து பாக்டீரியாவுல வெச்சு செஞ்சு காட்டின சமாச்சாரத்தோட வாரிசு. என் உடம்பு சொன்னதை 1.84னு படிச்சு சொன்னது அதுதான். இது தெரிஞ்ச அன்னிக்குத்தான் ப்ராஜெக்ட்ல இதை வெச்சே ஆகணும்னு அடம் பிடிச்சேன்.

அந்த டெஸ்ட்ல இன்னொரு ட்யூப் உண்டு. அதுல ஒண்ணுமே கிடையாது. பேர் நில். சும்மா உன் ரத்தம், சும்மா ஒரு ராத்திரி. அதுல வர்ற எண்ணை மத்த எண்ணுல இருந்து கழிச்சாதான் உண்மையான விடை. என் ரிப்போர்ட்ல நில் 0.06.

இப்ப ப்ராஜெக்ட். தலைப்பு வேப்பிலைச் சாறு மேக்ரோஃபேஜை எப்படி மாத்துதுன்னு. வேப்பம்பட்டு காலேஜ்ல வேப்பிலை ப்ராஜெக்ட்னு ஜூனியர்ஸ் ஓட்டினது எங்களுக்கும் தெரியும். திட்டம் சிம்பிள். இன்டர்ஃபெரான் காமாவால மேக்ரோஃபேஜை முதல்ல உசுப்பணும். உசுப்பினா நைட்ரிக் ஆக்சைடு வரும். க்ரீஸ் ரியேஜென்ட் ஊத்தினா பிங்க் ஆகும். அப்புறம் வேப்பிலைச் சாறு சேர்த்து பிங்க் குறையுதான்னு பார்க்கணும். செல் கல்ச்சர் வசதிக்காக எங்க கைடு மேடம் சிட்டியில ஒரு லேப்ல இடம் வாங்கிக் கொடுத்தாங்க. அங்க ரா 264.7னு ஒரு மேக்ரோஃபேஜ் செல் லைன். எலியோடது. இந்த வேலைக்கு உலகம் முழுக்க எல்லாரும் அதைத்தான் எடுக்கறாங்க. நாங்களும் எடுத்தோம்.

முதல் நாளே பிங்க் வந்துச்சு. 96 குழி ப்ளேட்ல ஒரு வரிசை வெள்ளை, ஒரு வரிசை ரோஸ் மில்க். நாலு பேரும் ப்ளேட்டோட செல்ஃபி, வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ், சென்ட்ரல்ல இறங்கி பிரியாணி. அடுத்தடுத்து ஆறு தடவை, வேப்பம்பட்டுல இருந்து ஐஸ் பெட்டியோட போய் அதையே செஞ்சோம். ஏழு ட்யூப் காலி. கிராஃப் அவ்வளவு அழகு. எரர் பார் எல்லாம் குட்டிக் குட்டியா.

அந்த லேப்ல ஒரு ஸ்காலர் அக்கா. பி.எச்டி. அஞ்சாவது வருஷம், அதிகம் பேச மாட்டாங்க. ஒரு நாள் எங்க கிராஃபைப் பார்த்துட்டு "வெள்ளை வரிசை என்ன?"ன்னு கேட்டாங்க. கன்ட்ரோல்கா, வெறும் செல்லு மீடியத்துலன்னு சொன்னோம். "பஃபர் மட்டும் போட்ட வரிசை எங்க?"

இல்ல.

அவங்க திட்டல. ஒரு ப்ளேட் எடுத்து நாலு வரிசை போடச் சொன்னாங்க. ஒண்ணு புரோட்டீன். ஒண்ணு அதே புரோட்டீனை கொதிக்க வெச்சது. ஒண்ணு புரோட்டீனே இல்லாம நாங்க காலேஜ்ல கலக்கின பஃபர். கடைசியா, அந்த பஃபரோட பாலிமிக்சின்-பின்னு ஒரு மருந்து. மறுநாள் போனா முதல் மூணு வரிசையும் ஒரே பிங்க். நாலாவது வெள்ளை.

பயோடெக் படிக்காதவங்களுக்காக: கொதிக்க வெச்சா புரோட்டீன் செத்துடும். செத்ததும் பிங்க், இல்லாததும் பிங்க்னா, பிங்க் எங்க புரோட்டீனால வரல. பாலிமிக்சின் போய் கட்டிப்போடுறது எண்டோடாக்சினை, அதாவது பாக்டீரியாவோட வெளித்தோல் சரக்கை. அதைக் கட்டினதும் பிங்க் போச்சுன்னா திருடன் அதுதான். அது எங்க இருந்து வந்துச்சு? எங்க டிஸ்டில்ட் வாட்டர் கேன்ல இருந்து. நான்தான் பிடிச்சேன், நான்தான் ஆட்டோக்ளேவ் பண்ணேன். ஆட்டோக்ளேவ்ல பாக்டீரியா சாகும், அதோட தோல் அப்படியே இருக்கும். கண்ணாடியில ஒட்டினதைப் போக்கணும்னா உலர் அவன்ல 250 டிகிரி வேணும். தண்ணியை அப்படிக் காய்ச்ச முடியாது. எண்டோடாக்சின் இல்லாத தண்ணியை விலைக்கு வாங்கணும். அந்த எலி மேக்ரோஃபேஜ் எங்க கேன் தண்ணியைப் பார்த்து அலறியிருக்கு. நாங்க அதை 20,000 ரூபா புரோட்டீனோட வேலைன்னு பிரியாணி சாப்பிட்டிருக்கோம்.

சரி, அப்படின்னா புரோட்டீன் ஏன் சும்மா இருந்துச்சு? கேட்டேன். அக்கா குப்பியோட லேபிளை என் முன்னாடி வெச்சாங்க. "ஹ்யூமன்"னு இருந்துச்சு. அப்புறம் செல் இருந்த ஃப்ளாஸ்க்கைக் காட்டினாங்க. "இது யாரு?"

எலி.

மனுஷ இன்டர்ஃபெரான் காமா எலி செல்லுக்கு வேலை செய்யாது. ரெண்டோட அமினோ அமில வரிசையும் ஒத்துப்போறது சுமார் 40 சதவீதம்தான், எலி ரிசெப்டருக்கு நம்ம புரோட்டீனைப் பிடிக்கத் தெரியாது. எல்லா சைட்டோகைனும் இப்படி இல்ல, சிலது ரெண்டு பக்கமும் ஓடும். இது ஓடாது. ஆர்டர் போட்டது நான். எலி வெர்ஷனும் கேட்டலாக்ல பக்கத்துலயே இருந்துச்சு. மனுஷனோடதுதான் உசத்தின்னு நினைச்சு அதை க்ளிக் பண்ணேன். டேட்டாஷீட்டை நாலு பேரும் படிச்சோம், அந்த வார்த்தையையும் படிச்சோம். படிச்சும் உறைக்கல.

அன்னிக்கு ட்ரெயின்ல யாரும் பேசல. ஆவடி தாண்டினதும் டீம்ல ஒருத்தன் மெதுவா ஆரம்பிச்சான். "ரிவ்யூவுக்கு ஒன்பது நாள்தான் இருக்கு. நம்மகிட்ட ஏழு ரன் கிராஃப் இருக்கு. அந்த நாலாவது ப்ளேட்டை யார் கேட்கப் போறா?" இன்னொருத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. நான் என்ன சொன்னேன்னு உண்மையா எழுதறேன்: "சரி, நாளைக்குப் பேசலாம்"னு சொன்னேன். அதுக்கு அர்த்தம் சரிங்கறதுதான். அப்பாவோட ஓவர்டைம் என் கண்ணு முன்னாடி நின்னுச்சு.

ராத்திரி வீட்டுக்குப் போய் ரிப்போர்ட்டோட அறிமுக அத்தியாயத்தைத் திறந்தேன், அதையாவது முடிக்கலாம்னு. அதுல நானே எழுதி வெச்சிருந்தேன், நம்ம ஏரியாவைப் பத்தி. உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல, பி.சி.ஜி. தடுப்பூசி வேலை செய்யுதான்னு உலகத்துலயே பெரிய சோதனைகள்ல ஒண்ணு நடந்தது இங்கதான், திருவள்ளூரைச் சுத்தி. அப்போ இது செங்கல்பட்டு மாவட்டம். 1968ல ஆரம்பிச்சாங்க. ஐ.சி.எம்.ஆரும் உலக சுகாதார நிறுவனமும். சுமார் 3,60,000 பேர். சிலருக்கு பி.சி.ஜி., ரெண்டு வகை, ரெண்டு அளவுல. சிலருக்கு மருந்தே இல்லாத ஊசி. யாருக்கு எதுன்னு போட்டுக்கிட்டவங்களுக்கும் தெரியாது, பின்னாடி வந்து நோயைத் தேடினவங்களுக்கும் தெரியாது.

வீட்டு வாசல்ல ஆயா வெத்தலை இடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்க பிறந்த ஊர் திருவள்ளூர் பக்கம். சும்மா கேட்டேன், ஆயா, சின்ன வயசுல ஊருக்கு ஊசி போட வந்தாங்களான்னு.

"வந்தாங்களே. ஜீப்பு. ஊட்டு ஊடா பேரெல்லாம் எழுதிக்கினு போனாங்க. நானு பயந்துக்கினு வைக்கப்போர் பின்னால ஒளிஞ்சேன். எங்கப்பன் புட்சி இஸ்துக்கினு போனாரு. அப்பால வந்து கையில ஸ்கேல் வெச்சு அளந்தாங்க."

என்ன ஊசி ஆயா?

"ஊசின்னா ஊசிதான். அதுல இன்னா இருந்துச்சுன்னு நமக்கு எப்டி தெரியும்?" இடது கையைத் திருப்பிக் காட்டினாங்க. தோள்ல இருந்த தழும்பு அம்மை ஊசியோடதாம். வேற ஒண்ணும் இல்ல.

ஆயா பேர் அந்த லிஸ்ட்லதான் இருக்குன்னு நான் நிரூபிக்க முடியாது. ஆனா அவங்களை மாதிரி வைக்கப்போர்ல ஒளிஞ்ச ஒரு புள்ளை கையில ஒண்ணுமில்லாத ஊசி ஏறியிருக்கு, அந்த ஒண்ணுமில்லாததால்தான் அந்தச் சோதனைக்கு விடை கிடைச்சுது. விடை யாரும் ஆசைப்பட்ட விடை இல்ல. 1979ல முதல் முடிவு வந்துச்சு, 15 வருஷக் கணக்கு 1999ல வந்துச்சு: பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் டி.பி.யை பி.சி.ஜி. தடுக்கல, சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் கொஞ்சம். (பிறந்ததும் இன்னிக்கும் போடறாங்களே ஏன்னா, குழந்தைகளோட மூளைக்காய்ச்சல் மாதிரி கடுமையான டி.பி.யை அது தடுக்கும்.) அத்தனை வருஷம், அத்தனை ஜீப், அத்தனை ஊர். முடிவை அப்படியே அச்சுல போட்டுட்டாங்க. நான் ஒன்பது நாள் ரிவ்யூவுக்குப் பயந்து ஒரு ப்ளேட்டை மறைக்கப் பார்த்தேன்.

இதனாலதான் மனசு மாறினேன்னு சொன்னா பாதிப் பொய். எக்ஸ்டர்னல் "பஃபர் கன்ட்ரோல் எங்க?"ன்னு கேட்டா மாட்டுவோம்ங்கிற பயமும் சரிபாதி இருந்துச்சு. காலையில டீம் க்ரூப்ல எழுதினேன்: நாலாவது ப்ளேட்டை ரிப்போர்ட்ல போடறேன், பேர் வேணாம்னா சொல்லுங்க, என் பேர்ல மட்டும் போடறேன். ஒரு மணி நேரம் நீல டிக் மட்டும். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பினவ "என் பேரும்"னு போட்டா. மத்த ரெண்டு பேரும் தம்ஸ் அப். கூடவே, டி.பி. விஷயத்தையும் அன்னிக்குத்தான் அவங்ககிட்ட சொன்னேன். அதுக்கு வந்த பதில்: "லூசு, இதுக்குத்தான் அந்த ஆரஞ்சு ஜூஸ் கதையா?" ரூம்மேட்தான். அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு.

மூணு ட்யூப் மிச்சம் இருந்துச்சு. ஸ்காலர் அக்கா தன்னோட டி.எச்.பி-1 செல்லைக் கொடுத்தாங்க. மனுஷ செல். ஜப்பான்ல லுகேமியா இருந்த ஒரு வயசு ஆண் குழந்தையோட ரத்தத்துல இருந்து எடுத்தது, 1980ல வெளியானது. குழந்தைக்கு என்ன பேரோ. ஃப்ளாஸ்க்கைக் கையில வாங்கும்போது கொஞ்சம் தயக்கமாதான் இருந்துச்சு. மனுஷ மேக்ரோஃபேஜ்ல க்ரீஸ் பிங்க் ஒழுங்கா வராது, அதனால வேற வழி. இன்டர்ஃபெரான் காமா போய்ச் சேர்ந்தா செல் மேல எச்.எல்.ஏ-டி.ஆர்.னு ஒரு புரோட்டீன் கூடும். ஒளிர்ற ஆன்டிபாடி ஒட்டி, ஃப்ளோ சைட்டோமீட்டர்ல செல்லை ஒவ்வொண்ணா லேசர் முன்னாடி ஓட விட்டா எவ்வளவு கூடியிருக்குன்னு தெரியும். அக்காவோட சொந்த ஸ்லாட்ல எங்களுக்கு அரை மணி நேரம் கிடைச்சுது. விலைக்கு வாங்கின தண்ணி. மூணு ட்யூப்: பஃபர் மட்டும், கொதிக்க வெச்சது, நல்லது. 48 மணி நேரம்.

ஸ்க்ரீன்ல முதல் குன்று வந்துச்சு, நில். ரெண்டாவது, கொதிச்சது, அதுக்கு மேலயே வந்து உட்கார்ந்துச்சு, ரெண்டும் ஒண்ணுன்ற மாதிரி. மூணாவது ஓடும்போது நாங்க நாலு பேரும் மூச்சு விடல. குன்று வலது பக்கம் நகர்ந்து தனியா நின்னுச்சு. கேட்டுடுச்சு. ஒரு தடவை செஞ்சதுதான், எரர் பார் போட முடியாது, ரிப்போர்ட்லயும் அப்படியே எழுதினோம். இந்தத் தடவை செல்ஃபி எடுக்கத் தோணல. அக்காதான் எடுத்தாங்க.

ரிவ்யூவுல எக்ஸ்டர்னல் எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "அதெல்லாம் சரிம்மா, வேப்பிலை எங்க?" வேப்பிலைக்கு நாங்க வந்து சேரவே இல்ல. மார்க் எவ்வளவுன்னு கேட்காதீங்க, பாஸ். அப்பாகிட்ட எலி மேட்டரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "எங்க ஷாப்புலயும் இப்படித்தான், நல்ல ஸ்பேனர், வேற சைஸ் நட்டு"ன்னார். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல.

இன்னும் ரெண்டு ட்யூப் இருக்கு. அந்த லேப்ல மைனஸ் 80 ஃப்ரீசர், மூணாவது ரேக், நீல மூடி போட்ட பெட்டி, மேல எங்க நாலு பேரோட இனிஷியல். ஒவ்வொண்ணுலயும் 2 மைக்ரோகிராம், இதுவரைக்கும் உருகாதது. மூணாவது வருஷம் பயோடெக் பசங்க யாருக்காவது வேணும்னா கைடு மேடம்கிட்ட சொல்லிட்டு எடுத்துக்கோங்க, காசு வேணாம். தெர்மாகோல் பெட்டி எங்க டிபார்ட்மென்ட் பீரோவுக்கு மேல இருக்கு. தண்ணி மட்டும் நீங்க வாங்கிக்கணும்.